அறுகின் வேருக்கு வந்த பகை

மணமக்களை வாழ்த்தும் பெரியோர், ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றுக என்பர். வெட்டினாலும் மேய்ந்தாலும் வெயிலில் காய்ந்தாலும், ஒரு கணுவில் ஈரம் பட்டுவிட்டால் அறுகு மீண்டும் துளிர்க்கும். அதன் வலியெல்லாம் மண்ணுக்குள்ளே. அந்த வேரையே உணவாகக் கொள்ளும் புழு ஒன்று உண்டு. அப்புழு இப்பொழுது மன்னார்த் தீவின் வீட்டு முற்றங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது என்று நான் சொன்னால், தீவுக்கு வெளியே இருப்போர் புழுவைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். மன்னாரில் புற்றரையா என்றுதான் கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதே. மன்னார் என்றால் மணலும் பனையும், பள்ளிமுனையில் நிற்கும் பருத்த பெருக்கு மரமும், தெருவெங்கும் திரியும் கழுதைகளுமே பலருக்கு நினைவு வரும். புல் இங்கே இல்லாமலில்லை. கடலோர மணலில் முள்முள்ளாக உருண்டு திரிகின்ற இராவணன் மீசை இருக்கின்றது. திரண்டால் மிடுக்கு என்று பழமொழி பெற்ற அடம்பன் கொடி இருக்கின்றது. மழைக்குப் பின் வளவெங்கும் அறுகு படர்கின்றது. ஆனால், வீட்டு முற்றத்தில் புல்லை வேண்டுமென்று வளர்க்கும் வழக்கம் எங்கள் முன்னோரிடம் இருந்ததில்லை. முற்றம் என்றால் விளக்குமாற்றின் கோடுகள் தெரியும் வெண்மணல். புல் முளைத்த முற்றம் ஆளில்லாத வீட்டின் அடையாளம். 1990ஆம் ஆண்டில் இத்தீவில் அந்த அடையாளம் எத்தனையோ வீடுகளில் விழுந்தது. அவ்வாண்டு தமிழ்க் குடும்பங்கள் பல அகதிகளாய்ப் படகேறி இராமேசுவரம் சென்றன. ஒக்டோபர் மாதத்தில் முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆண்டுகள் பல கழித்துத் திரும்பி வந்தோர் முதலிற் செய்த வேலை, முற்றத்துப் புல்லையும் பற்றையையும் செதுக்கி எறிந்ததே.

அதே முற்றங்களிற் சிலவற்றில் இன்று விலை கொடுத்து வாங்கிய புல் விரிக்கப்படுகின்றது. 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. விருந்தினர் விடுதிகள் எழுந்தன. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் பெற்றோருக்கு வீடு கட்டிக் கொடுத்தனர். வீட்டின் முன்னே பச்சைக் கம்பளம் போல் ஒரு புற்றரை இருத்தல் அழகென்று கருதப்பட்டது. அழகில்லை என்று நானும் சொல்லமாட்டேன். சோளகக் காற்று வீசும் மாதங்களில் சோற்றுக் கோப்பையிலும் மணலைக் காண்பவர்களுக்கு, மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் புல்லின் அருமை தெரியும்.

என் நண்பர் ஒருவரும் அவ்வாறு ஒரு புற்றரை அமைத்தார். பாளம் பாளமாக, வேரும் மண்ணும் சேர்ந்தபடி வெளியூரிலிருந்து லொறியில் வந்த புல் அது. கீழே மாட்டெரு பரப்பி, மேலே புல்லை ஒட்டி, காலையும் மாலையும் குழாயினால் நீர் தெளித்தார். முதலாண்டு கண்கொள்ளாக் காட்சி. இரண்டாமாண்டு தை மாதத்தில், மழை ஓய்ந்து வெயில் ஏறியதும், ஆங்காங்கே மஞ்சள் திட்டுகள் தோன்றின. அவர் என்னை அழைத்துக் காட்டினார்.

“அண்ணை, தண்ணி காணாதெண்டு நினைச்சு இன்னும் கூட ஊத்தினன். ஊத்த ஊத்தப் பழுக்குது” என்றார்.

நான் குனிந்து ஒரு திட்டைக் கையாற் பற்றி இழுத்தேன். பாயைச் சுருட்டினாற் போல் புல் அப்படியே கையோடு வந்தது. கீழே வேர் என்று ஒன்றும் இல்லை. ஈர மணலில், பிறைவடிவாய் உடலை வளைத்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்ற புழுக்கள் கிடந்தன. கபில நிறத் தலை, முன்புறத்தில் ஆறு கால்கள், தின்ற மண் தோலினூடே கருநிறமாய்த் தெரியும் வாற்பகுதி. வேர்ப்புழு என்றும் வெண்புழு என்றும் சொல்லப்படுவது இதுவே. இது வண்டின் குழந்தைப் பருவம்.

நண்பர் உடனே கேட்டது, எந்த மருந்து அடிக்கலாம் என்பதே. அதற்கு விடை சொல்லுமுன் பகைவன் யாரென்று துணிதல் வேண்டும். மஞ்சளாகும் புல்லெல்லாம் புழு தின்ற புல்லன்று. உப்பு நீர் பாய்ந்தாலும் புல் மஞ்சளாகும். ஆனால், இழுத்தால் வேர் மண்ணை விடாது. காய்ந்து இறந்த புல்லைக் கறையான் அரிக்கக் கண்டு, கறையானே கொன்றது என்று பழி சுமத்துவோர் உண்டு. மண்ணைப் பறித்துக்கொண்டு சுரங்கம் போல் ஓடும் பிள்ளைப்பூச்சியும் புல்வேரை அறுப்பதுண்டு. அதனைக் காண்பது எளிது: ஒரு வாளி நீரிற் சிறிது சவர்க்காரத்தைக் கரைத்து ஊற்றினால் சிறிது நேரத்தில் அது வெளியே ஓடிவந்துவிடும். வேர்ப்புழு அப்படி வராது. அதற்கு மண்வெட்டிதான் வேண்டும். ஓரடிச் சதுரத்தில் மூன்று பக்கம் வெட்டி, புல்லைப் புத்தகத்தின் ஏடு போலப் புரட்டி, நான்கு விரற்கிடை ஆழம் வரை கிளறி எண்ணிப் பார்க்க வேண்டும். சதுர அடிக்கு ஐந்துக்குக் குறைவாக இருந்தால் நல்ல புல் அதைத் தாங்கிக்கொள்ளும். பத்தைத் தாண்டினால் புல் தோற்கும் என்பது புற்றரை வளர்ப்பதையே ஒரு கலையாக்கிக்கொண்ட அமெரிக்கர் வைத்திருக்கும் கணக்கு. நண்பரின் முற்றத்தில் ஓரிடத்தில் பதினான்கு இருந்தன. பத்தடி தள்ளி வெட்டிய இடத்தில் இரண்டே.

எருக்கும்பியைக் கிளறும்போது வரும் பெரும் புழுவை இதனோடு சேர்த்து எண்ணிக் குழம்புதலும் ஆகாது. கட்டைவிரற் பருமனான அது, தென்னையையும் பனையையும் குடையும் கருவண்டின் புழு. கொம்பு தாங்கிய அவ்வண்டைக் காண்டாமிருக வண்டு என்றும் கூறுவர். அதன் புழு உண்பது உக்கிய எருவையும் உக்கிய மரத்தையுமே. உயிருள்ள புல்வேரை அது நாடுவதில்லை. இதனால் அதை மன்னித்துவிடலாம் என்பதன்று. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

வேர்ப்புழுவின் வரலாறு மழையோடு பிணைந்தது. நீண்ட வறட்சியின் பின் முதல் மழை விழுந்த மாலையில், ஈசல் புறப்படுவது போல, மண்ணுக்குள் உறங்கிய வண்டுகள் வெளியே வருகின்றன. மங்கிய கபில நிறத்தில் விரல் நகமளவு இருக்கும் அவை மின்குமிழில் வந்து மோதி விழுவதை எல்லாரும் கண்டிருப்பர். வேம்பு, முருங்கை, இலந்தை ஆகியவற்றின் இலைகளை இரவில் உண்டு, விடியுமுன் மண்ணுக்குத் திரும்பி, ஈரமான இடம் பார்த்து முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வரும் சிறு புழு முதலில் மண்ணிலுள்ள உக்கலை உண்டு, பின்பு வேருக்கு வருகின்றது. மழைக்காலம் முழுவதும் புல் தன் துன்பத்தை மறைத்துக்கொள்கின்றது. வேர் பாதி போனாலும் நீர் நிறைய உண்டு. மழை நின்ற பின்பே குட்டு வெளிப்படுகின்றது. ஆகவே தையிற் கண்ட நோய்க்கு ஐப்பசியிலேயே விதை விழுந்துவிட்டது. இராசத்தானத்து உழவர் இதனை நன்கறிவர். அங்கே முதல் மழை இரவுகளில் வேம்பையும் இலந்தையையும் குலுக்கி, விழும் வண்டுகளைத் திரட்டி அழிப்பதை ஊர்கூடிச் செய்யுமாறு விவசாய அறிஞர் வற்புறுத்தி வந்துள்ளனர். ஒரு பெட்டை வண்டைப் பிடித்தால் பல பத்துப் புழுக்களைத் தடுத்ததாகும்.

மழையில்லாத மன்னார் மணலில் வண்டுக்கு முட்டையிட இடமேது? இடத்தை நாமே அமைத்துக் கொடுக்கின்றோம். சுற்றிலும் கானல் பறக்கும் மாதங்களில், இருநேரமும் நனைந்த ஒரு பசும் பரப்பு, அதன் கீழே அரைகுறையாய் உக்கிய எரு. பாலைவனத்திற் பந்தல் போட்டு விருந்து வைத்தது போலத்தான். அன்றியும், மண்ணோடு வரும் பாளங்களுக்குள் முட்டையும் புழுவும் ஒளிந்து பயணம் செய்யவும் வழியுண்டு.

மண்ணோடு சேர்ந்து புழு பயணம் செய்யும் கதையில் இலங்கைக்கும் ஒரு பங்கு இருக்கின்றது. 1909ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவாத் தீவுக்கு இறப்பர்க் கன்றுகள் அனுப்பப்பட்டன. அவற்றோடு முன்சொன்ன கருவண்டும் போய்ச் சேர்ந்தது. தென்னையே வாழ்வாகக் கொண்ட அந்தத் தீவுக்கு அதனால் நேர்ந்த கேடு கொஞ்சமன்று. அப்பொழுது தீவை ஆண்ட செர்மானியர் சட்டமிட்டு, மக்களைக் கொண்டு வண்டும் புழுவும் பொறுக்கச் செய்தனர். வண்டு ஓயவில்லை. 1963இல் மலாயாவில் ஊகர் என்னும் செர்மானிய ஆய்வாளர் அவ்வண்டுக்கே உரிய ஒரு வைரசு நோயைக் கண்டறிந்தார். 1967இல் அந்நோயைச் சமோவாவிற் பரப்பிய பின்பே தென்னைகள் மூச்சுவிட்டன. புற்றரைக்கும் இத்தகைய கதை ஒன்றுண்டு. அமெரிக்காவின் நியூ சேர்சி மாநிலத்தில் 1916இல் யப்பான் வண்டு முதன்முதலாகக் காணப்பட்டது. பூச்செடிக் கிழங்குகளோடு வந்த மண்ணில் அது வந்திருக்கலாம் என்பர். அதன் புழு புற்றரைகளைத் தின்று பரவியது. 1930களில் அப்புழுவுக்குப் பாற்பிணி என்னும் ஒரு பக்டீரியா நோய் உண்டாவது தெரியவந்து, நோய்க் கிருமியைப் பொடியாக்கித் தூவினர். அப்பொடியை இங்கே தருவித்துத் தூவலாமா என்று நண்பர் கேட்டார். அது யப்பான் வண்டின் புழுவுக்கே உரியது; நம் மண்ணின் புழு அதைப் பொருட்படுத்தாது.

இனி மருந்துக்கு வருவோம். மருந்து என்று நாம் வாய்கூசாமற் சொல்வது நஞ்சையே. ஒருகாலத்தில் டி.டி.ரி. என்றால் தெய்வம், அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்ட மூலருக்கு 1948இல் நோபல் பரிசும் கிடைத்தது. 1962இல் றேச்சல் காசன் அம்மையார் தம் நூலால் உலகை உலுக்கிய பின்பே அத்தெய்வத்தின் பீடம் ஆடியது. இலங்கை மனோகுரொட்டோபொசையும் மெதமிடோபொசையும் 1995இல் தடுத்தது. எண்டோசல்பானை 1998இல் தடுத்தது. வீட்டு மூலையில் கிடந்த போத்தல்கள் எத்தனை உயிர்களைக் குடித்தன என்பதை இந்நாட்டு வைத்தியசாலைகள் அறியும். அத்தடைகளுக்குப் பின் தற்கொலைச் சாவுகள் பெரிதும் குறைந்தன. இன்று உலகெங்கும் புற்றரைப் புழுவுக்கென்று விற்கப்படும் இமிடாக்குளோபிரிட்டு அவற்றைப் போல மனிதரை உடனே வீழ்த்துவதன்று. ஆயினும், அது நீரிற் கரைந்து செல்வது, தேனீக்குக் கொடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்த வெளியில் அதன் பயனை நிறுத்தியது அந்தத் தேனீக்களின் பொருட்டே.

நீரிற் கரைந்து செல்வது என்ற சொல்லில்தான் மன்னாரான் ஒருவன் நின்று யோசித்தல் வேண்டும். வயிரமான களிமண் உள்ள ஊரில், ஊற்றியது சில காலமாவது மேல்மண்ணிற் பற்றிக் கிடக்கும். எங்கள் மணலுக்குப் பிடிமானம் இல்லை. குழாய் நீர் எப்படிக் கண்முன்னே மணலுள் மறைகின்றதோ அப்படியே அதிற் கரைந்ததும் மறையும். மறைந்து எங்கே போகும்? சில அடி கீழே இருக்கும் நிலநீருக்கு. தீவின் கிணறு துரவுகளில் நாம் அள்ளும் நன்னீர், கடலிலிருந்தோ மலையிலிருந்தோ வந்ததன்று. நம் தலைமேற் பெய்த மாரிமழை மணலில் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின்மேல் வில்லைபோல் மிதந்துகொண்டிருப்பது. அம்மிதப்பின் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஒல்லாந்தப் பொறியியலாளர் வகுத்தார். கைபென் என்பது அவர் பெயர். 1658இல் மன்னார்க் கோட்டையைப் பிடித்தவர்களின் வழியினர் என்பதால் அவருக்குக் கடலோர மணலைப் பற்றித் தெரிந்ததில் வியப்பில்லை. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது அவர் கணக்கு. மேலே ஓரடியை இறைத்துவிட்டால் கீழே நாற்பதடி உப்பு ஏறிவர இடமாகும் என்று அதனைத் திருப்பியும் படிக்கலாம்.

ஆகவே, முற்றத்துப் புல்லுக்கு இருவேளை நீர் இறைப்பவர் கிணற்றைக் குறைக்கின்றார். அதே புல்லின் புழுவுக்கு நஞ்சு ஊற்றுபவர் கிணற்றைக் கெடுக்கின்றார். இரண்டையும் ஒருவரே செய்யும் வீடுகளும் உண்டு. வேலிக்கு வேலி கிணறு வெவ்வேறாய் இருப்பினும் மணலுக்குக் கீழே நீர் ஒன்றே. என் வளவில் ஊற்றியது அடுத்த வீட்டுப் பிள்ளையின் கோப்பைக்குச் சென்றால், எந்த வேலியைக் காட்டி நான் சமாதானம் சொல்வேன்? நண்பரின் புற்றரைக்கும் அவர் கிணற்றுக்கும் இடையே இருபது முழந்தான். அதை அளந்து காட்டினேன். அவர் மருந்துக்கடைக்குப் போகவில்லை.

செய்தது வேறு. முதலில் நீரைக் குறைத்தோம். நாளுக்கு இருமுறை மேலாக நனைத்தால் வேர் மேலேயே தங்கும். புழுவுக்கும் அதுவே வசதி. சில நாளுக்கொருமுறை ஆழ நனைத்தால் வேர் நீரைத் தேடிக் கீழே போகும். சுருண்டு வந்த திட்டுகளைப் புரட்டிப் போட்டு, புழுக்களைக் கையாற் பொறுக்கினோம். முற்றம் வயலன்று, இரண்டு பிள்ளைகளும் ஒரு பழைய பேணியும் இருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடியும் வேலை. பொறுக்கியதைக் கோழிகளுக்குப் போட்டபோது அவை பட்ட பாட்டைப் பார்க்கவேண்டும். வெறுமையான இடங்களில் விலைப்புல்லை மறுபடி ஒட்டாமல், வளவின் பின்புறத்து அறுகையே பிடுங்கி நட்டோம். வேப்பம் புண்ணாக்கை இடித்து மணலோடு கலந்து தூவினோம். புண்ணாக்கு ஒரே நாளில் புழுவைக் கொன்றுவிடும் என்று சொல்வோரை நம்பவேண்டாம். அது மெல்ல வேலை செய்வது, எருவாகவும் ஆவது.

உதவிக்கு வேறொருவரும் வந்தார். தலையில் விசிறிக் கொண்டையும் நீண்டு வளைந்த அலகும் உடைய கொண்டலாத்தி. மன்னாரின் வறண்ட வெளிகளில் இதனைக் காணாதார் இல்லை. சுலைமான் நபிக்குச் சேதி கொண்டுவந்த பறவை இதுவே என்பதால் எருக்கலம்பிட்டிப் பிள்ளைகளுக்கும் இது பழக்கமானது. புழு இருக்கும் இடத்தில் அலகை நட்டு, சிறு துளையிட்டு, இழுத்தெடுத்து விழுங்கிவிட்டு, இரண்டடி நடந்து மறுபடி நடும். காலையில் புற்றரையில் எழுதுகோல் குத்தியது போன்ற துளைகளைக் கண்டு, இந்தப் பறவையே புல்லைக் கெடுக்கின்றதென்று நண்பரின் வீட்டார் அதைக் கல்லெறிந்து விரட்டி வந்திருக்கின்றனர். கவுதாரியையும் அப்படியே. நஞ்சிட்ட புற்றரையில் சாகும் புழுவை இவை தின்றால் என்னவாகும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கழுதைகளைப் பற்றி நண்பர் என்னிடம் முறையிட்டது தனிக்கதை. படலை திறந்திருந்தால் அவை வந்து புல்லை மேய்ந்துவிடுகின்றனவாம். மேயட்டும், வேரை அவை தின்பதில்லை.

கருவண்டைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். வேர்ப்புழுவால் போவது ஒரு பச்சைப் பரப்பு. கருவண்டால் போவது மரம். அது குருத்தைக் குடைந்து உண்ட காயத்தின் வழியே செவ்வண்டு முட்டையிடும். செவ்வண்டின் புழு உள்ளே புகுந்தபின் மரம் பிழைத்தல் அரிது. கருவண்டு பெருகுவது உக்கும் மரக்குற்றிகளிலும் எருக்கும்பியிலும் என்றேன். போர் நடந்த ஆண்டுகளில் வடபுலமெங்கும் காப்பரண்களுக்காகப் பனைகள் வெட்டப்பட்டன. எறிகணை பட்டுத் தலையிழந்த பனைகளும் தென்னைகளும் நின்றபடியே உக்கின. மனிதர் செய்த அழிவு அவ்வாறு வண்டுக்குத் தொட்டிலாயிற்று. இப்பொழுது புற்றரைக்கென்று மாட்டெருவை வாங்கி வளவின் மூலையிற் குவித்து மாதக்கணக்கில் மறந்துவிடும் வீடுகள், அதே தொட்டிலைச் சிறிதாகச் செய்து வைத்திருக்கின்றன.

எருவைக் குவித்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டும். காசர்கோட்டிலுள்ள இந்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார், எருக்குழியிற் பச்சைப் பூஞ்சணத்தை இடுமாறு கூறுகின்றனர். புழுவின் உடலிற் பற்றி, அதைப் பச்சைப் பொடி பூத்த கட்டையாக்கிவிடும் பூஞ்சணம் அது. 1879இல் ஒடெசா நகரில் மெச்சினிக்கோவ் என்பவர் கோதுமை வண்டுகளின் புழுவிற் கண்டறிந்தது. அது கிடைக்காத வீட்டுக்கும் ஒரு வழியுண்டு. மீனவர் வாழும் தீவுக்கு அது மிகவும் ஏற்றது. பசிபிக்கிலுள்ள குவாம் தீவில் 2007இல் கருவண்டு புகுந்தபோது, அங்குள்ளோர் பழைய மீன்வலைகளை எருக்குவியலின்மேற் போர்த்தினர். முட்டையிட வரும் வண்டும், உள்ளிருந்து பறக்க எழும் வண்டும் கால்கள் சிக்கி வலையிலேயே கிடந்து சாகின்றன. பேசாலைக் கரையிலும் தாழ்வுபாட்டுக் கரையிலும் கிழிந்த நைலோன் வலைக்குப் பஞ்சமா? நண்பரின் எருக்கும்பிமேல் இரண்டு மடிப்பாக ஒன்றைப் போர்த்திவிட்டோம். முதல் வாரத்தில் ஐந்து கருவண்டுகள் அதிற் சிக்கின. வலையில் ஓணானோ பாம்போ சிக்கியிருக்கிறதா என்று நாள்தோறும் பார்த்து விடுவித்தல் வேண்டும்.

வளவின் மேற்கு மூலையில் பட்டுப்போன பனையொன்றின் அடிக்குற்றி இன்னும் நிற்கின்றது. தட்டினால் பொத்தென்று ஒலிக்கின்றது, உள்ளே உக்கல். அதைப் பிளந்து, உள்ளிருக்கும் புழுக்களைக் கோழிக்குப் போட்டு, கட்டையைக் காயவைத்து விறகாக்க வேண்டும். ஐப்பசி மழை இறங்குமுன் செய்து முடிப்பதென்று பேசி வைத்திருக்கின்றோம். அலவாங்கு என்னிடம் இருக்கின்றது. கோடரிக்குப் பிடி போடக் கொடுத்திருக்கின்றார்.